மகாராஜா கொடுத்த நிலமும் பாட்டி போகாத தடமும்
(நம் குடும்ப வரலாற்று நூல்கள் பற்றி ஒரு மதிப்பீடு)

மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று சங்கத்து நண்பர்கள் கேட்டபோது, "சங்க இலக்கியம், சிலம்பு என்று ஏதாவது எழுதுங்கள்" என்றார்கள். அவற்றை எழுத என்னைவிடத் தக்கார் இம்மலரிலேயே பலர் இருக்கிறார்கள். ஆகவே, இலக்கியம் என்று எவரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத ஒரு நூல்வகையைப் பற்றி எழுதத் துணிந்தேன். நம் குடும்பங்கள் கலியாண வீட்டிலும் குடும்பக் கூட்டத்திலும் அச்சிட்டு வழங்கும் 'குடும்ப மலர்', 'வம்ச வரலாறு' ஆகியவையே அவை.

என் சொந்த ஊர் காரக்கோணம் பக்கம். நெய்யாற்றின்கரை தாலுகாவில், குன்னத்துக்காலுக்கும் வெள்ளறடைக்கும் இடையில், தமிழக எல்லையை உரசிக்கொண்டு கிடக்கும் ஊர். இன்று அங்குள்ள மருத்துவக் கல்லூரியால் பலருக்கும் பேர் தெரியும். 2002-இல் தொடங்கிய அக்கல்லூரி, எவரெஸ்ட் ஏறச் சென்றவரும் நெய்யூர் மருத்துவமனையில் நெடுங்காலம் பணியாற்றியவருமான டாக்டர் சோமர்வெல்லின் நினைவாகப் பெயர் பெற்றது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாகாணத்தோடு இணைந்தபோது நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. அண்ணன் வீடு தமிழ்நாட்டிலும் தம்பி வீடு கேரளத்திலுமாகப் போன குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம். பனச்சமூடு சந்தையில் இந்தப் பக்கம் மலையாளம், அந்தப் பக்கம் தமிழ் என்று பேரம் பேசி வளர்ந்தவன் நான்.

இப்படிப் பிரிந்த குடும்பங்கள், பிறகு பம்பாய், பெங்களூர், வளைகுடா என்று மேலும் சிதறியபோதுதான் குடும்ப வரலாறு அச்சிடும் ஆசை வந்தது. என் அலமாரியில் இப்போது இத்தகைய நூல்கள் பதினொன்று இருக்கின்றன. அவற்றில் ஒன்று எங்கள் குடும்பத்தினுடையது. என் பெரியப்பா முயற்சியில் 2004-இல் வெளிவந்தது. அதற்கு மெய்ப்புத் திருத்தியவன் நான். எனவே இக்கட்டுரையில் நான் சுட்டும் பிழைகளில் எனக்கும் பங்குண்டு.

நான்கு கதைகள்

பதினொரு நூல்களையும் அடுத்தடுத்துப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். குடும்பங்கள் வேறு, கதைகள் ஒன்றே. அவை பெரும்பாலும் நான்கு.

முதலாவது குதிரைக் கதை. மூதாதை ஒருவர் பாண்டி நாட்டிலிருந்து, அநேகமாகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து, குதிரையேறி வருகிறார். இரண்டாவது நிலக் கதை. அவருடைய வீரத்தையோ நேர்மையையோ கண்டு திருவிதாங்கூர் மகாராஜா நிலம் கொடுக்கிறார். மூன்றாவது தோள்சீலைக் கதை. குடும்பத்துப் பெண்ணொருத்தி மேலாடைக்காகப் போராடுகிறாள். நான்காவது காணாமற்போன தம்பியின் கதை. அவனைப் புலி அடித்துவிடுகிறது. அல்லது மலையில் வழிதவறிவிடுகிறான்.

இவை பொய் என்று ஒதுக்குவது எளிது. அது என் நோக்கமன்று. பல தலைமுறைகள் வாய்மொழியாகக் காத்து வந்த கதையில் ஒரு மெய் உள்ளே கிடக்கும். ஆனால் அந்த மெய், நூலை எழுதியவர் காட்டும் இடத்தில் பெரும்பாலும் இருப்பதில்லை என்பதே என் துணிபு. எங்கள் நூலையே எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

நிலம் யார் கொடுத்தது?

எங்கள் நூலின் இரண்டாம் அத்தியாயத்தில், என் பாட்டாவின் பாட்டா மகாராஜாவின் யானைக்கு மதம் பிடித்தபோது அதை அடக்கியதாகவும், அதற்குப் பரிசாக மூன்று விளைகள் கிடைத்ததாகவும் இருக்கிறது. நூல் வெளிவந்து சில ஆண்டுகள் கழித்து, அந்த விளைகளின் பழைய ஆதாரங்களைப் புரட்டிப் பார்க்கும் தேவை ஒரு சொத்துக் காரியமாக வந்தது. ஓர் ஆதாரம் அதன் முன்னாதாரத்தைச் சொல்லும். அது தனக்கு முந்தியதைச் சொல்லும். இப்படி ஏணிப்படிபோல் பின்னோக்கி இறங்கினால் கடைசியில் கிடைத்தது யானையன்று. 'பண்டாரவகப் பாட்டம்' என்ற இரண்டு சொற்கள்.

பண்டாரவகை என்றால் அரசு நிலம். அதைப் பாட்டத்துக்கு உழுது வந்தவர்களுக்கு நிலத்தில் உறுதியான உரிமை கிடையாது. விற்கவோ ஈடு வைக்கவோ முடியாது. 1865-இல் ஆயில்யம் திருநாள் மகாராஜா ஆட்சியில் வெளியான பண்டாரப்பாட்ட விளம்பரம்தான் இந்தக் குடிகளுக்குக் கைமாற்றத்தக்க முழு உரிமையை வழங்கியது. திருவிதாங்கூர்க் குடியானவர்களின் உரிமைச் சாசனம் என்று வரலாற்றாசிரியர்கள் அதைப் புகழ்வார்கள். அதாவது, மகாராஜா எங்களுக்கு நிலம் கொடுத்தது மெய்தான்! எங்களுக்கு மட்டும் கொடுக்கவில்லை; அரசு நிலத்தை உழுத அத்தனை பேருக்கும் கொடுத்தார். ஒரு நாட்டுக்கே நடந்தது, ஒரு வீட்டுக்கு நடந்ததாக நினைவில் சுருங்கிவிட்டது. அந்தச் சுருக்கத்தை நியாயப்படுத்தத்தான் யானை தேவைப்பட்டிருக்கிறது.

இதில் நமக்கு இழப்பு என்ன? யானையை நம்புகிறவன், 1865-க்கு முன் எங்கள் ஆட்கள் உரிமையில்லாத மண்ணில் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்டார்கள் என்பதை அறியவே மாட்டான். பரிசு பெற்றவனின் பேரன் என்பதைவிட, பாடுபட்டவனின் பேரன் என்பதில் பெருமை அதிகம் என்பது என் கட்சி.

ஒரு மாதக் கணக்கு

அடுத்தது தோள்சீலை. 1858 டிசம்பர் முதல் தென்திருவிதாங்கூரில் நடந்த கலவரங்களும், 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா வெளியிட்ட விளம்பரமும் யாவரும் அறிந்தவை. அதற்கு முன் 1820களிலும் பெருங்கலவரம் நடந்து, 1829 விளம்பரம் பெண்களுக்கு எதிராகவே முடிந்தது. எங்கள் நூல், "நம் மூதாதை கொல்லம் 1034 ஆடியில், அதாவது 1858-இல், ஞானஸ்நானம் பெற்றார். ஆகவே கலவரத்திற்கு முன்பே நம் குடும்பம் மறுமலர்ச்சியில் முன்னின்றது" என்று சொல்கிறது.

இங்கேதான் ஒரு சின்னக் கணக்கு பெரிய கதையைக் கெடுத்தது. கொல்லம் ஆண்டோடு 824-ஐக் கூட்டினால் கிறிஸ்து ஆண்டு வரும் என்று நாம் பழக்கத்தில் சொல்லிவிடுகிறோம். ஆனால் திருவிதாங்கூரில் கொல்லம் ஆண்டு பிறப்பது சிங்க மாதத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில். சிங்கம் முதல் டிசம்பர் முடிய 824. ஜனவரிக்குப் பிறகு 825 கூட்ட வேண்டும். ஆடி, அதாவது கர்க்கடகம், கொல்லம் ஆண்டின் கடைசி மாதம். எனவே 1034 ஆடி என்பது 1859 ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. எங்கள் மூதாதை கலவரத்திற்கு முன் சேர்ந்தவரல்லர். விளம்பரம் வந்த அதே மாதத்தில் சேர்ந்தவர். முன்னின்றவர் என்ற பட்டம் போயிற்று. ஆனால் அந்த மாதத்தில் ஓர் இளைஞன் ஏன் அம்முடிவை எடுத்தான் என்று கேட்க இடம் பிறந்தது. அந்தக் கேள்வி பட்டத்தைவிட மதிப்புள்ளது.

நூல்கள் செய்யும் இன்னொரு பிழையும் உண்டு. 1859 விளம்பரத்தால் 'மேலாடை உரிமை கிடைத்தது' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த விளம்பரம் சாணார் பெண்கள் குப்பாயம் அணியலாம், முக்குவப் பெண்களைப்போல முரட்டுத் துணி கட்டலாம் என்றது; மேல்சாதிப் பெண்களைப்போல் அணியக்கூடாது என்றும் சொல்லிற்று. அதற்கும் கீழே வைக்கப்பட்டிருந்த சாதிகளின் பெண்களை அது எண்ணவே இல்லை. சேர்த்தலையில் வழங்கும் நங்ஙேலியின் கதையை அப்படியே எடுத்து, ஊர்ப்பேரை மாற்றித் தங்கள் பாட்டியின் கதையாக்கிய நூலும் என் அலமாரியில் இருக்கிறது. மற்றவர் துயரத்தை இரவல் வாங்குமளவுக்கு நம் வீட்டில் துயரம் குறைவா என்ன? நம்முடையதைத் தேடாததுதான் குறை.

புலி அடித்த தம்பி

எங்கள் நூலில் மூதாதையின் தம்பியை 'தாது வருஷப் பஞ்ச காலத்தில்' அகத்தியர் மலையடிவாரத்தில் புலி அடித்துவிடுகிறது. ஒரு பழைய சபையின் அங்கத்தினர் பட்டியலைப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. அதில் அத்தம்பியின் பேருக்கு எதிரே, மங்கிய மையில், 'கண்டிக்குப் போனான்' என்றிருந்தது. ஆண்டு கொல்லம் 1036.

தாது வருடம் 1876-77. ஆக, பஞ்சத்தின் பேரும் தவறு. தென்திருவிதாங்கூரை 1860-61-இல் ஒரு கடும் பஞ்சம் வாட்டியது. பனையும் புன்செயும் பொய்த்தபோது ஏராளமானோர் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கிளம்பினார்கள். கங்காணிகளின் பின்னால் நடந்து, கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிக் காட்டு வழியில் மீண்டும் நடந்தார்கள். அவ்வழியில் காலராவிலும் பட்டினியிலும் மடிந்தவர்களுக்கு எண்ணிக்கை இல்லை. தப்பிப் பிழைத்தவர்களும் 1869 முதல் பரவிய இலைநோயால் காப்பித் தோட்டங்கள் அழிந்ததைக் கண்டிருப்பார்கள்.

தென்னாப்பிரிக்காவில் நம் உறவினர் உள்ள குடும்பங்களுக்கு இந்த இடத்தில் ஒரு நற்பேறு உண்டு. 1860 நவம்பர் 16-இல் டர்பனில் கரைசேர்ந்த 'டுரூரோ' என்ற கப்பல் முதல் 1911 வரை, நேட்டாலுக்குச் சென்ற 1,52,184 ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் என்று எல்லாம் அவற்றில் பதிவாகின. மொரீசியசிலும் மகாத்மா காந்தி நிறுவனம் இத்தகைய ஆவணங்களைக் காத்துவருகிறது. அடிமைக்கு ஒப்பான ஒப்பந்தம்தான். ஆனாலும் அது மனிதனை எழுதி வைத்தது. கங்காணியின் பின்னால் கண்டிக்கு நடந்தவனை அப்படி எவரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் தம்பிக்கு எஞ்சியது ஒரு சபைப் பட்டியலின் இரண்டு சொற்கள்தான். வீட்டில் அவனுக்காகக் காத்திருந்தவர்கள் ஒரு கட்டத்தில் புலியைச் சொல்லி மனதை ஆற்றிக்கொண்டார்கள் போலும். திரும்பி வராதவனைவிடச் செத்தவனை நினைப்பது எளிது.

வீட்டுப்பேரும் குதிரையும்

குதிரைக் கதைக்குச் சான்றாக நூல்கள் காட்டுவது பெரும்பாலும் வீட்டுப்பேர். 'கிழக்கே புத்தன்வீடு' என்பது பாண்டி நாட்டில் எங்கள் மூதாதையர் கட்டிய மாளிகை என்று ஒரு நூல் வாதிடுகிறது. எங்கள் பக்கத்து வழக்கம் தெரிந்தவர் இதை எழுத மாட்டார். மகன் கலியாணமாகித் தனிவீடு கட்டினால் அது புத்தன்வீடு. தாய்வீட்டுக்குக் கிழக்கே இருந்தால் கிழக்கே புத்தன்வீடு. ஒரே பகுதியில் உறவே இல்லாத பல புத்தன்வீடுகள் இருக்கும். அண்ணனுக்கும் தம்பிக்கும் வீட்டுப்பேர் வேறாகவும் இருக்கும். வீட்டுப்பேர் ஒரு விலாசம். அதைக் குலப்பேராகக் கொண்டு வம்ச மரம் வரைந்தால் அடுத்தவன் வீட்டு மூதாதை நம் மரத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

இங்கே ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' (1964) நாவலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்நாவல் ஒரு வீட்டின் பேரைத் தாங்கி நின்றாலும், அவ்வீட்டின் பெருமையை அல்ல, அதன் சரிவைச் சொல்கிறது. பழம்பெருமை பேசும் வீட்டுப் பெண் லிஸிக்கும் பனையேறும் குடும்பத்துத் தங்கராஜுக்கும் இடையில் ஒரே சாதிக்குள்ளே எத்தனை பெரிய மதில் இருந்தது என்பதை அது காட்டிவிடுகிறது. என் அலமாரியில் உள்ள பதினொரு நூல்களில் ஒன்றிலாவது எவரேனும் பனையேறியதாக ஒரு வரி உண்டா என்று தேடினேன். இல்லை! அத்தனை பேரும் நிலக்கிழார்கள், உபதேசியார்கள், ஆசிரியர்கள். அப்படியானால் அக்கானி இறக்கியது யார், கருப்பட்டி காய்ச்சியது யார்? கற்பனை என்று சொல்லி எழுதிய நாவல் மெய்யைச் சொல்கிறது. வரலாறு என்று சொல்லி எழுதிய நூல்கள் மறைக்கின்றன.

ஆவணங்களையும் சோதிக்க வேண்டும்

இப்படிச் சொல்வதால் எழுத்தில் இருப்பதெல்லாம் மெய் என்று நான் வாதிடவில்லை. எங்கள் பக்கத்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டைத் தேடுகிறவர்கள் முதலில் கையிலெடுப்பது இலண்டன் மிஷனரிமார் எழுதியவற்றை. பாறசாலையை 1845-இல் தனி மிஷன் நிலையமாக்கி அங்குப் பணியாற்றிய ஜான் ஆப்ஸ், தம் இருபத்திரண்டு ஆண்டு அனுபவங்களை 1870-இல் நூலாக்கினார். சாமுவேல் மற்றீர் 1871-இல் 'தர்ம பூமி' என்று பொருள்படும் தலைப்பிலும், 1883-இல் திருவிதாங்கூர் மக்களின் வாழ்க்கை பற்றியும் பெருநூல்கள் எழுதினார். 1903-இல் சி.எம். ஆகூர் திருவிதாங்கூர்த் திருச்சபை வரலாற்றை எழுதினார்.

இவற்றின் உதவியின்றி ஓரடி நகர முடியாது. ஆனால் மிஷனரிமார் எழுதியது இங்கிலாந்தில் காணிக்கை கொடுப்பவர்களுக்காக. கொடுமையும் மீட்பும் அவர்களுக்குத் தேவை. ஒருவனுடைய வீட்டுப்பேரும் தகப்பன் பேரும் தேவையில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. மிஷன் போர்டிங் பள்ளியில் ஒரு பிள்ளையின் செலவை ஏற்ற இங்கிலாந்துக்காரர், தாம் விரும்பும் பேரை அப்பிள்ளைக்கு இடச் சொல்வதுண்டு. எங்கள் பக்கத்து வம்ச மரங்களில் திடீரென்று ஆங்கிலக் குடும்பப்பேர் தோன்றுவதைக் கண்டு, 'வெள்ளைக்கார இரத்தம்' என்று ஒரு நூல் எழுதிவிட்டது. இரத்தமல்ல ஐயா, சந்தாப் பணம்!

சபைப் பதிவேடுகளுக்கும் பாடு உண்டு. தென்திருவிதாங்கூர்த் திருமண்டலம் 1959-இல் தென்கேரளம், கன்னியாகுமரி என இரண்டாகியது. ஏடுகளும் எல்லையின் இரு பக்கமுமாயின. அரசு ஓலைச் சுருணைகள் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பழைய ஓலைகள் பல வட்டெழுத்திலும் மலையாண்மையிலும் எழுதப்பட்டவை. தமிழ் தெரிந்தால் போதாது, மலையாளம் தெரிந்தாலும் போதாது. எழுத்தறியாமல் 'தாத்தாவின் வாள் பற்றிய ஓலை' என்று ஒருவர் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் போற்றியதைப் படித்துச் சொல்லக் கேட்டார்கள். அது ஒரு ஒற்றிக் கணக்கு.

குடும்ப ஏடு வரலாறாக உயரமுடியும் என்பதற்கும் நம் பக்கத்திலேயே சான்று உண்டு. அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை வெளிக்கொணர்ந்தார்; பிற்காலத்தில் அ.கா. பெருமாள் 'முதலியார் ஓலைகள்' என்று நூலாக்கினார். நாஞ்சில் நாட்டின் நிலவரி, நீர்ப்பாசனம், வறட்சி, அடிமை விற்பனை எல்லாம் அவற்றிலிருந்து தெரியவந்தன. அவ்வீட்டார் தங்களுக்குப் பெருமை தருபவற்றை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றவற்றை அடுப்பில் போட்டிருந்தால் இத்தனையும் போயிருக்கும்.

தகப்பன் பேர் இல்லாத பத்தி

இனி நான் எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன்.

எங்கள் நூல் என் பாட்டாவின் பாட்டியைப் பற்றி ஒரே வாக்கியம்தான் சொல்கிறது: "அம்மையார் நெய்யூர் பக்கத்து நல்ல குடும்பத்துப் பெண்." மூதாதையின் யானைக்கு நான்கு பக்கம், அவளுக்கு ஒரு வரி. 2009-இல் வேறொரு பேரைத் தேடி ஒரு ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டியபோது அவளைக் கண்டேன். கொல்லம் 1027 தை. அதாவது 1852-இன் தொடக்கம். பழைய பேர் ஒன்று, புதிய பேர் ஒன்று. வயது ஏறக்குறைய ஒன்பது. தகப்பன் பேர் எழுதும் பத்தியில் தகப்பன் பேர் இல்லை. ஒரு பெரிய நிலக்காரரின் வீட்டுப்பேரும், அதனருகே 'அடிமை' என்ற சொல்லும் இருந்தன.

பேர் ஒத்திருந்தால் ஆள் ஒன்றென்று ஆகிவிடாது. இதை நான் மற்றவர்களுக்குச் சொல்வேன், எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு திருமணப் பதிவைத் தேடினேன். கொல்லம் 1036 தை, 1861. மணமகன் எங்கள் மூதாதை. மணமகள் அதே புதிய பேர், வயது 18, 'போர்டிங் பள்ளி' என்ற குறிப்பு. பிறகு அடக்கப் பதிவு: 1079 மாசி, 1904, வயது 61. மூன்று கணக்கும் 1843-ஐ ஒட்டிய ஒரே பிறப்பில் வந்து நின்றன. ஐயப்பட எனக்கு இடமிருக்கவில்லை.

1836-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் திருவிதாங்கூரின் மக்கள்தொகை 12,80,668. அவர்களில் அடிமைகள் 1,64,864. ஏறக்குறைய எட்டில் ஒருவர். நிலத்தோடும் நிலமில்லாமலும் அவர்களை விற்றார்கள், ஈடு வைத்தார்கள். 1855-இல்தான் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. பாடநூலில் இந்த எண்களைப் படித்திருக்கிறேன். அந்த எட்டில் ஒருவராக என் பாட்டாவின் பாட்டி இருந்தாள் என்பது தெரிந்த அன்று அந்த எண் வேறாகிவிட்டது. எங்கள் நூல் பெருமையோடு பேசும் 1859 விளம்பரம் அவள் பிறந்த கூட்டத்தைத் தொடவேயில்லை என்பதும் அன்றுதான் உறைத்தது.

பெரியப்பாவிடம் காகிதத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் படித்தார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மக்கா, நீ கண்டுபிடிச்சது சத்தியமாட்டே இருக்கட்டு. ஆனா இத அச்சுல போடப்படாது. வீட்டுல ரெண்டு கொமரு நிக்குது. அதுகளக் கெட்டிக் குடுக்கணும்."

அவரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் சொன்னது மெய். 150 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சொல் இன்றைக்கும் ஒரு கலியாணத்தை நிறுத்தும் வலிமையோடு இருக்கிறது என்பதைத்தான் அவர் சொன்னார். நம் குடும்ப நூல்களின் குதிரையும் யானையும் வாளும் எதற்காக வந்தன என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் வேண்டுமா?

வெளியே வந்தபோது திண்ணையிலிருந்த மாமி, அப்பாவின் தங்கை, என்னைக் கூப்பிட்டார். உள்ளே பேசியதைக் கேட்டிருந்தார். "எங்க பாட்டி அவ மாமியாரப் பத்திச் சொல்லுவா பிள்ளே. அந்தக் கெழவி பாறசாலைக்குப் போணுமுன்னா நேர்த் தடத்துல போமாட்டாளாம். ஏலா சுத்தித்தான் போவாளாம், மழைன்னாலும் வெயிலுன்னாலும். ஏன்னு கேட்டா சொல்லமாட்டாளாம்." நேர்த் தடத்தில் யார் வீடு இருந்தது என்று கேட்டேன். மாமி சொன்ன வீட்டுப்பேர், பதிவேட்டில் தகப்பன் பேர் இருக்கவேண்டிய இடத்தில் நான் கண்ட அதே வீட்டுப்பேர்.

நூலை எழுதிய ஆண்கள் இதைக் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் கதையென்று மதித்திருக்க மாட்டார்கள். ஒரு கிழவி வயலைச் சுற்றிப் போனது ஒரு வரலாறா? ஆனால் எங்கள் வீட்டில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து பழுதில்லாமல் வந்து சேர்ந்த ஒரே செய்தி அதுதான். காரணம் தெரியாமலே மூன்று தலைமுறைப் பெண்கள் அதைக் கைமாற்றியிருக்கிறார்கள்.

வேர்களின் பாடம்

இத்தகைய தேடலை உலகறியச் செய்தவர் அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி. 1976-இல் வெளிவந்த 'வேர்கள்' (ரூட்ஸ்) நூலில், 1767-இல் காம்பியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட குண்டா கிண்டே வரை தம் வம்சத்தைக் கொண்டுசென்றார். கோடிக்கணக்கான மக்கள் தம் வேர்களைத் தேடத் தூண்டிய நூல் அது. ஆனால் 1981-இல் மரபுவழி ஆய்வாளர்களான மில்ஸ் தம்பதியினர் வர்ஜீனியா ஆவணங்களைச் சோதித்து, ஹேலி தம் மூதாதையாகக் காட்டிய 'டோபி' அந்தக் கப்பல் வருமுன்பே அங்குப் பதிவாகியிருப்பதைக் காட்டினார்கள். காம்பியாவில் அவருக்குக் கதை சொன்னவரின் சொல்லும் ஐயத்துக்கு உள்ளாயிற்று.

ஹேலியின் நூல் இதனால் வீணாகிவிட்டதா? அடிமைகளாக வந்தவர்களுக்கும் வம்சம் உண்டு, பேர் உண்டு என்று அது நிலைநாட்டியது, அது நிலைக்கும். ஆனால் அவர் அறுந்த இடத்தில் 'இங்கே அறுந்துவிட்டது' என்று எழுதியிருந்தால் நூல் இன்னும் உயர்ந்திருக்கும் என்பது என் கருத்து. நமக்கும் அதே பாடம்தான். ஹேலி அடிமைத்தனத்தை ஒளிக்கவில்லை, அதைத் தலையில் தூக்கிவைத்தார், பிசகியது வேறிடத்தில். நாமோ அதை ஒளிப்பதற்கென்றே குதிரையைக் கொண்டுவருகிறோம். இன்று எச்சில் அனுப்பினால் மரபணுச் சோதனையில் வம்சம் தெரியும் என்கிறார்கள். அது தூரத்து உறவைக் காட்டலாம். தகப்பன் பேர் இல்லாத பத்தியை நிரப்பாது.

முடிவாக

என் மதிப்பீட்டைச் சுருக்கிச் சொல்வேன். நம் குடும்ப வரலாறுகள் அன்பால் எழுந்தவை. சிதறியவர்களை ஒரே அட்டைக்குள் சேர்க்கின்றன. அது சிறிய தொண்டன்று. ஆனால் அவை பெருமையைத் தேடுகின்றன, ஆட்களைத் தேடுவதில்லை. பெண்களை ஒரு வரியில் முடிக்கின்றன. கேட்டதற்கும் கண்டதற்கும் வேறுபாடு காட்டுவதில்லை. கதையைக் கதையென்றும், பதிவைப் பதிவென்றும், தெரியாததை வெற்றிடமாகவும் அச்சிடும் துணிவு வந்தால் இவை ஒரு நாட்டின் வரலாற்றுக்கே மூலமாகும்.

எங்கள் நூலின் இரண்டாம் பதிப்பு 2012-இல் வந்தது. நிலக் கதையில் 1865 இடம்பெற்றது. ஞானஸ்நான ஆண்டு திருந்தியது. தம்பி கண்டிக்குப் போனான், புலி ஓடிவிட்டது. 'நல்ல குடும்பத்துப் பெண்' என்ற வரி மட்டும் அப்படியே இருந்தது. பெரியப்பாவுக்குக் கொடுத்த வாக்கு அது. இன்று அவர் இல்லை. அந்த இரண்டு பெண்களுக்கும் கலியாணமாகிப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூன்றாம் பதிப்பில் அவ்வரி மாறவேண்டும் என்று அவர்களே கேட்கிறார்கள். இங்கே நான் எங்கள் வீட்டுப்பேரையும் சொல்லவில்லை, அந்த நிலக்காரர் வீட்டுப்பேரையும் சொல்லவில்லை. அவர்களுக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. முப்பாட்டன் செய்ததற்கு அவர்கள் பொறுப்பல்லர்.

சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பெட்டியில் கிடக்கும் பழைய ஆதாரங்களையும் ஓலைகளையும் படம் எடுத்து வையுங்கள். கறையானுக்கும் மழைக்கும் அவை நெடுநாள் தாங்கா. அதைவிட முக்கியமாக, வீட்டில் இருக்கும் மூத்த பெண்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். 'நம் பரம்பரை என்ன?' என்று கேட்காதீர்கள். நூலில் உள்ளதையே திருப்பிச் சொல்வார்கள். 'பாட்டி எதைச் சாப்பிடமாட்டாள், யார் வீட்டுக்குப் போகமாட்டாள், எந்த வழியில் நடக்கமாட்டாள்?' என்று கேளுங்கள். எங்கள் மாமிக்கு இப்போது தொண்ணூறு தாண்டிவிட்டது. கேட்டால் இன்னும் சொல்கிறார்.